ஹவானாவில் கதவு தட்டியவர்களுக்கு

1996 மார்ச் மாதம் ஹவானா நகரின் எக்ரெம் ஒலிப்பதிவுக் கூடத்தில் பழைய இசைத் தோழர்களை மறுபடி ஒன்றாக உட்கார வைத்த அனைவருக்கும்,



'புவெனா விஸ்டா சோஷியல் கிளப்' இசைத்தட்டு 1997இல் வெளிவந்தது. இதுவரை 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அதில் பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் கைதட்டல் கிடைத்துவிட்டது. தாமதமாகக் கிடைத்தாலும் நிறையவே கிடைத்தது. இந்த மடல் உங்களுக்கு. அவர்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு போனவர்களுக்கு, காலையில் கூடத்தின் கதவைத் திறந்துவிட்டவர்களுக்கு, ஒலிவாங்கியை எங்கே வைத்தால் அறையே பேசும் என்று பார்த்துப் பார்த்து வைத்தவருக்கு, சட்டம் தன் மேல் பாயக்கூடும் என்று தெரிந்தும் விமானம் ஏறியவருக்கு. பாட்டைக் கேட்டு உருகுகிறவர்கள் உங்கள் பெயரைத் தேடிப் பார்ப்பதில்லை. அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்கள் உங்களுடையவை.

முதல் நன்றி ஹுவான் டி மார்கோஸ் கொன்சாலெஸுக்கு. அவர் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. 1954இல் ஹவானாவில் பிறந்தவர், நீரியல் பொறியியல் படித்தவர். அவருடைய தந்தை, கியூப இசையின் பெரும் மேதைகளில் ஒருவரான அர்செனியோ ரோத்ரிகெஸின் குழுவில் பாடியவர். வீட்டில் கேட்டு வளர்ந்த பாட்டு மகனை விடவில்லை. 1970களில் கியூப இளைஞர்கள் ராக் இசையின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது, கல்லூரித் தோழர்களோடு சேர்ந்து 'சியெர்ரா மாயெஸ்த்ரா' என்ற குழுவைத் தொடங்கினார். பாட்டனார் காலத்து 'சோன்' இசையை அந்தக் காலத்து வாத்தியங்களோடு அப்படியே வாசிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஸ்பானியக் கித்தார் மரபும் ஆப்பிரிக்கத் தாளக்கட்டும் கியூபாவின் கிழக்கு மலைப்பகுதியில் கலந்து பிறந்தது சோன். பின்னாளில் உலகம் சால்சா என்று ஆடியதற்கெல்லாம் வேர் அதுதான்.

ஆகவே ஹுவான் டி மார்கோஸுக்கு அந்த முதியவர்கள் யாரும் அந்நியர்கள் அல்லர். யார் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், யார் வாத்தியத்தைத் தொட்டுப் பல வருடமாகிறது, யார் யாரோடு எந்தக் குழுவில் வாசித்தார் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. வெளிநாட்டார் வந்து புதைந்து கிடந்த பொக்கிஷத்தைத் தோண்டி எடுத்தார்கள் என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் உண்டு. அது உண்மைக்கு மாறானது. தந்தையின் தலைமுறைக்கு மரியாதை செய்ய ஓர் இசைத்தட்டு போட வேண்டும் என்பது ஹுவான் டி மார்கோஸின் நெடுநாள் ஆசை. அந்த ஆசையைக் காதில் வாங்கிக்கொண்டு பணமும் தந்தவர் லண்டனில் 'வேர்ல்ட் சர்க்யூட்' என்ற சிறிய இசை நிறுவனத்தை நடத்திய நிக் கோல்ட். சியெர்ரா மாயெஸ்த்ராவின் இசைத்தட்டை அதற்கு முன்பே வெளியிட்டவர் அவர். இருவருக்கும் இடையில் நம்பிக்கை இருந்தது. மற்றதெல்லாம் அதன் மேல் எழும்பியது.

கியூபா அப்போது இருந்த நிலையை நினைத்துப் பார்த்தால் உங்கள் முயற்சியின் கனம் விளங்கும். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் எண்ணெய் வரத்து அறுந்தது. சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு, மணிக்கணக்கில் மின்வெட்டு, பேருந்து ஓடாத ஊரில் எங்கும் சைக்கிள். அரசு இதற்கு 'விசேஷ காலம்' என்று பெயர் வைத்திருந்தது. இசைக் கலைஞர்களுக்கு அரசு ஓய்வூதியம் இருந்ததென்றாலும் அதை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது கடினம். பாடகர் இப்ராஹிம் ஃபெர்ரர் ஷூ பாலிஷ் போட்டுச் சம்பாதித்ததும் அந்தக் காலத்தில்தான்.

இப்ராஹிமின் கதையைப் பலர் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் இங்கே அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. 1927இல் சாந்தியாகோ அருகே சான் லூயிஸ் என்ற ஊரில், ஒரு நடன நிகழ்ச்சிக்குப் போயிருந்த தாய்க்குப் பிரசவ வலி எடுத்துப் பிறந்த பிள்ளை. பன்னிரண்டு வயதில் தாயை இழந்து தெருவில் மிட்டாய் விற்றுப் பிழைத்தார். பிறகு பாச்சோ அலோன்சோவின் குழுவில் பல ஆண்டுகள் பாடினார். கியூபாவே கொண்டாடிய பென்னி மோரேக்குப் பின்பாட்டுப் பாடினார். ஆனால் போலேரோ என்னும் மெதுவான காதல் பாட்டை அவருக்கு யாரும் தரவில்லை. உன் குரல் அதற்கு ஒத்துவராது என்று ஒதுக்கினார்கள். ஆட்டம் போட வைக்கும் வேகப் பாட்டுக்காரர் என்று முத்திரை குத்தப்பட்டது. 1991இல் பாட்டை நிறுத்திவிட்டார், மனமும் கசந்துபோயிருந்தது.

ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்த ஒரு நாள், போலேரோ பாட மென்மையான குரல் ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. ஹுவான் டி மார்கோஸ் உடனே வெளியே கிளம்பினார். தெருவில் இப்ராஹிமைப் பிடித்தார். பாடுவதை விட்டுவிட்டேன் என்றார் அவர். விடவில்லை. குளித்துவிட்டாவது வருகிறேன் என்றார். அதற்கும் நேரம் தரவில்லை. கூடத்துக்குள் நுழைந்த இப்ராஹிமைக் கண்டதும் பியானோவில் இருந்த ரூபன் கொன்சாலெஸ் ஒரு பழைய பாட்டை எடுத்தார். அதற்கு மேல் யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. ஐசோலினா கரில்லோ இயற்றிய 'தோஸ் கார்தேனியாஸ்' என்ற போலேரோவை அந்த இசைத்தட்டில் இப்ராஹிம் பாடியதைக் கேட்டவர்களுக்கு, இந்தக் குரலையா ஒத்துவராது என்றார்கள் என்ற திகைப்பு இன்றும் தீராது. 2000இல், தம் 73ஆவது வயதில், லத்தீன் கிராமி விழாவில் சிறந்த புதுமுகக் கலைஞர் விருதை வாங்கினார் அவர்.

வெளியே போய்த் தேடாமல் இருந்திருந்தால்? ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நாள் வாடகை உண்டு, ஆட்கள் காத்திருக்கிறார்கள், கையில் இருக்கும் பாடகரை வைத்தே முடித்துக்கொள்ளலாம். பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் நடக்கும். நீங்கள் அப்படிச் செய்யவில்லை.

ரூபன் கொன்சாலெஸ் வந்த விதமும் ஏறக்குறைய அதுவே. 1940களில் அர்செனியோவின் குழுவில் வாசித்தவர். சாச்சாச்சா நடன இசையை உருவாக்கிய என்ரிக்கே ஹோரினின் குழுவில் கால் நூற்றாண்டு பியானோ வாசித்தவர். 1996இல் வயது 76. மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போயிருந்தன. வீட்டிலிருந்த பியானோவைப் பூச்சி அரித்துவிட்டது, வேறு வாங்க வழியில்லை. இனி வாசிப்பு இல்லை என்று இருந்தவரைத்தான் ஹுவான் டி மார்கோஸ் கூட்டி வந்தார். வந்த பிறகு நடந்தது வேறு. காலையில் கூடத்தின் கதவு திறப்பதற்கு முன்பே ரூபன் வாசலில் நிற்பார். திறந்ததும் நேரே பியானோவிடம் போவார். தொழில்நுட்பக்காரர்கள் கம்பிகளை இழுத்துக்கொண்டிருக்கும்போதே வாசிக்கத் தொடங்கிவிடுவார். வாழ்நாளில் தாம் கேட்ட தனிப் பியானோக் கலைஞர்களில் தலைசிறந்தவர் இவரே என்று, பதிவைத் தயாரித்த அமெரிக்கக் கித்தார் கலைஞர் ரை கூடர் சொன்னார். திட்டத்தில் இல்லாத ரூபனின் தனி இசைத்தட்டு இரண்டே நாளில் பதிவாகிவிட்டது. ஒட்டுவேலையோ திருத்தமோ இல்லை. தம் பெயரில் உலகமெங்கும் ஓர் இசைத்தட்டு போக வேண்டும் என்று அவர் எழுபத்தாறு வயதுவரை காத்திருந்தார் என்று எழுதினால் அது அழகாக இருக்கும், ஆனால் அநியாயம். அவர் காத்திருக்கவில்லை. கைவிட்டிருந்தார். நிக் கோல்ட், அந்த இரண்டு நாளை ஒதுக்கித் தந்ததற்கு உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய ஹவானாவில் சான் மிகேல் தெருவில், மாடியில் உள்ள பெரிய அறை. மர வேலைப்பாடு, உயர்ந்த கூரை. புரட்சிக்கு முன் பனார்ட் என்ற கியூப இசைத்தட்டு நிறுவனம் அங்கே இயங்கியது. 1964இல் உருவான எக்ரெம் என்ற அரசு நிறுவனத்தின் கைக்கு அது வந்தது. பூச்சு உதிர்ந்தாலும், கருவிகள் பழையவை ஆனாலும், அறையை அதன் பராமரிப்பாளர்கள் இடித்துக் கட்டாமல், துண்டு துண்டாகத் தடுக்காமல் வைத்திருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த ஒலிப்பொறியாளர் ஜெர்ரி பாய்ஸ் அறையின் அருமையை உடனே புரிந்துகொண்டார். பாட்டுக்காரரை ஒரு கண்ணாடிப் பெட்டியிலும் தாளக்காரரை இன்னொன்றிலும் அடைக்காமல், எல்லாரையும் ஒரே அறையில் ஒருவர் முகம் ஒருவர் பார்க்க உட்கார வைத்துப் பதிந்தார். ஒருவருடைய வாத்தியம் இன்னொருவருடைய ஒலிவாங்கியில் கசியும். நவீனப் பதிவுக்காரர்கள் அதைக் குற்றம் என்பார்கள். இந்த இசைத்தட்டின் உயிர் அந்தக் கசிவில்தான் இருக்கிறது. நாற்பது ஐம்பது வருடப் பழக்கமுள்ளவர்கள் புருவ அசைவில் பேசிக்கொள்வதை வேறெப்படிப் பிடிக்க முடியும்? கச்சேரி மேடையைப் பார்த்து வளர்ந்த தமிழ் ரசிகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்கவாத்தியக்காரர் பாடகரின் முகத்தைப் பார்க்க முடியாவிட்டால் கச்சேரி ஏது?

இத்தனைக்கும் நீங்கள் போட்ட திட்டம் முற்றிலும் வேறு. மாலி நாட்டிலிருந்து இரண்டு கலைஞர்களை, கோனி என்ற நரம்பு வாத்தியம் வாசிக்கும் பாஸெக்கு குயாத்தேயையும் கித்தார் வாசிக்கும் ஜெலிமாதி துங்காராவையும், ஹவானாவுக்கு வரவழைத்துக் கிழக்குக் கியூபக் கலைஞர்களோடு வாசிக்க வைப்பதாக ஏற்பாடு. அடிமைக் கப்பலில் ஏறிப் பிரிந்த இசையை மறுபடி அதன் சொந்தக்காரர்களோடு சேர்ப்பது நல்ல எண்ணம். விசா சிக்கலில் மாலிக்காரர்கள் வந்து சேரவே இல்லை. கூடம் எடுத்தாயிற்று, கூடர் வந்தாயிற்று, சாந்தியாகோவிலிருந்து தொப்பி போட்ட எலியாதெஸ் ஒச்சோவா கித்தாரோடு வந்தாயிற்று. இந்த நிலையில் சோர்ந்து போகாமல், இருப்பவர்களையும் அழைத்தால் வரக்கூடியவர்களையும் வைத்து வேறொன்றைச் செய்வோம் என்று முடிவெடுத்தீர்கள். அதே நாட்களில் ஹுவான் டி மார்கோஸின் ஆசைத் திட்டமான 'ஆஃப்ரோ கியூபன் ஆல் ஸ்டார்ஸ்' இசைத்தட்டுக்காகக் கூடியிருந்த முதியவர்கள் அடுத்த பதிவுக்கும் தங்கினார்கள். ஆறு நாளில் புவெனா விஸ்டா முடிந்தது. சில வாரங்களுக்குள் மூன்று இசைத்தட்டுகள்.

ரை கூடருக்கு நன்றி சொல்லும்போது ஒரு தயக்கம் எழுவது இயல்பு. அட்டையில் அவர் பெயர் பெரிதாக இருந்தது, பின்னர் வந்த ஆவணப்படத்தில் அவர் அதிகம் வந்தார், சில பாட்டுகளில் அவருடைய வழுக்குக் கித்தார் கியூபாவுக்கு ஒட்டாமல் ஒலிக்கிறது என்றெல்லாம் சொன்னவர்கள் உண்டு. சிலவற்றில் நியாயமும் உண்டு. ஆனால் அவர் என்ன செய்தார் என்பதைத் தேதியோடு பார்க்க வேண்டும். 1996 பிப்ரவரி 24 அன்று கியூப விமானப்படை அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு சிறு விமானங்களைச் சுட்டு வீழ்த்தியது. மார்ச் 12 அன்று அதிபர் கிளின்டன் கியூபா மீதான பொருளாதாரத் தடையை இறுக்கும் ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே மாதத்தில் கலிஃபோர்னியாக்காரரான கூடர் மெக்சிகோ வழியாக ஹவானா போய்ச் சேர்ந்தார். பகை நாட்டோடு வாணிபம் செய்ததாக அமெரிக்க அரசு பின்னர் அவருக்கு 25,000 டாலர் அபராதம் விதித்தது. வாத்தியம் வாசித்ததற்காக அபராதம் கட்டியவர் அவர். அந்தக் கணக்கைக் குறைகளோடு சேர்த்து எழுத வேண்டும்.

முன்பின் பழகாதவர்களோடு ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து வாசிப்பது கூடருக்குப் புதிதும் அல்ல. 1992இல் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் ஒரு தேவாலயத்தில், சந்தித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில், மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டுடன் அவர் வாசித்த பதிவு கிராமி விருது பெற்றது. அந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்து பதிந்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். அன்று டம்பெக் என்ற தோல்வாத்தியத்தை வாசித்த கூடரின் மகன் ஜோவாகிமுக்கு வயது 14. ஹவானாவுக்கும் தந்தையோடு வந்து தாளம் வாசித்தவர் அந்த ஜோவாகிம். தந்தைக்கும் மகனுக்கும் நன்றி.

இன்னொரு திருத்தமும் தேவை. மறக்கப்பட்ட முதியவர்கள் என்று எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டுவது சரியல்ல. 1930இல் பிறந்த ஓமாரா போர்த்துவோந்தோ ஒருநாளும் மேடையை விட்டு இறங்கியவர் அல்லர். 1950களில் 'குவார்த்தெத்தோ தாய்தா' என்ற நால்வர் பெண்கள் குழுவில் புகழ்பெற்று, அதன்பின் தனித்தும் பாடிக்கொண்டேயிருந்தவர். பதிவு நடந்த நாட்களில் அதே கட்டடத்தில் தம் சொந்தப் பாட்டுப் பதிவில் இருந்தவரை அழைத்து வந்து 'வெய்ந்தே அன்யோஸ்' பாட வைத்தீர்கள். கூடப் பாடியவர் காம்பாய் செகுந்தோ. 1907இல் பிறந்து, சுருட்டுத் தொழிற்சாலையில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்து, ஏழு நரம்பு கொண்ட 'அர்மோனிகோ' என்ற கித்தாரைத் தானே வடிவமைத்துக்கொண்டவர். முதற்குரலுக்குக் கீழே துணைக்குரல் பாடியே பேரெடுத்ததால் அவருக்குச் 'செகுந்தோ' என்று பெயர். 88 வயதில் கூடத்துக்கு வந்து 'சான் சான்' பாட்டைத் தந்தார். அது அவருடைய சொந்தப் பாட்டு. வெறும் நான்கு கோர்வைகள் சுற்றிச் சுற்றி வரும். கியூபாவில் எந்த உணவகத்தில் உட்கார்ந்தாலும் இன்றைக்கும் காதில் விழுவது அதுதான்.

ஓர் உண்மையை ஹவானாவின் இளைய கலைஞர்கள் அன்றைக்கே சொன்னார்கள். கியூப இசை 1959 புரட்சியுடன் நின்றுபோனது போல வெளியுலகம் நினைக்க இந்த இசைத்தட்டு காரணமாகிவிட்டது என்பது அவர்கள் மனத்தாங்கல். 1969இல் தொடங்கிய 'லோஸ் வான் வான்' குழு அந்த ஆண்டுகளில் ஊரையே ஆட வைத்துக்கொண்டிருந்தது. டிம்பா என்ற புதிய நடன இசை கொடிகட்டிப் பறந்தது. வெளிநாட்டுப் பயணிகளோ ஓட்டலில் உட்கார்ந்து 'சான் சான்' கேட்டார்கள். இளையவர்களின் குறை நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது உலகத்தின் கேட்கும் பழக்கம். பெரியவர்களை அழைத்து வந்த உங்கள் மேல் அந்தப் பழியைச் சுமத்த முடியாது. 'ஆல் ஸ்டார்ஸ்' பதிவில் பல தலைமுறையினரை ஹுவான் டி மார்கோஸ் கலந்தே உட்கார வைத்தார். அந்தக் குழு பின்னர் ஊர் ஊராகப் போனபோது இளையவர்களுக்கு இடம் தந்துகொண்டே வந்தது. உலகம் பாதியை மட்டும் கேட்டது.

பெயர் வந்த இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புவெனா விஸ்டா என்பது ஹவானாவின் மேற்கில், மரியனாவோ பக்கத்தில் இருந்த ஒரு சங்கம். வெள்ளையர் சங்கங்களில் கறுப்பினத்தவருக்கு இடமில்லாத காலத்தில் அவர்கள் தமக்கென்று நடத்திய ஆட்டக்கூடங்களில் ஒன்று. புரட்சிக்குப் பிறகு தனியார் சங்கங்கள் எல்லாம் மூடப்பட்டபோது இதுவும் மூடப்பட்டது. அந்தச் சங்கத்தின் பெயரில் தான்சோன் என்னும் நடன இசை ஒன்று இருந்தது. அதைக் கூடத்தில் ரூபன் வாசித்தார், பாஸ் வாசித்தவர் ஒர்லாந்தோ 'கச்சாயித்தோ' லோபெஸ். மாம்போ இசைக்கு அடித்தளமிட்ட ஒரெஸ்தெஸ் லோபெஸின் மகன், பாஸ் கலைஞர் கச்சாவோவின் அண்ணன் மகன். அந்த இசையின் பெயரே இசைத்தட்டின் பெயரானது. விம் வென்டர்ஸ் எடுத்த ஆவணப்படத்தில் காம்பாய் ஒரு பழைய காரில் உட்கார்ந்துகொண்டு, சங்கம் எங்கே இருந்தது என்று தெருவில் கேட்டுக்கொண்டே போவார். ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள்.

வென்டர்ஸுக்கும் இங்கே பங்கு உண்டு. அவர் படம் ஒன்றுக்கு இசையமைக்க உட்கார்ந்த கூடரின் மனம் ஹவானாவிலேயே இருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு ஆவல் பிறந்தது. இப்ராஹிமின் தனி இசைத்தட்டுப் பதிவின்போது 1998இல் கூடவே போய்ப் படமெடுத்தார். அதே ஆண்டு ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமின் கரே அரங்கில் இரண்டு இரவும், ஜூலை 1ஆம் தேதி நியூயார்க் கார்னகி அரங்கில் ஓர் இரவும் முழுக் குழுவும் மேடையேறியது. முழுக் குழுவாக அவர்கள் வாசித்தது அந்த மூன்று இரவுகள் மட்டுமே. ஓமாராவும் இப்ராஹிமும் சேர்ந்து 'சிலென்சியோ' பாடும்போது ஓமாராவின் கன்னத்தில் வழிந்த கண்ணீரை இப்ராஹிம் துடைத்துவிடுவதைக் கேமரா பிடித்தது. தடைச் சட்டமும் விசா அலுவலகமும் குறுக்கே நிற்கும்போது இத்தனை பேரையும் கார்னகி மேடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது எவ்வளவு பெரிய காகித யுத்தமாக இருந்திருக்கும்! படிவம் நிரப்பியவர்களும் அலுவலகப் படியேறியவர்களும் எந்த அட்டையிலும் இல்லை. அவர்களுக்கும் நன்றி. 2004இல், விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த நிலையிலும் இப்ராஹிமுக்குக் கிராமி விழாவுக்குப் போக அமெரிக்கா விசா மறுத்ததை நினைத்தால், 1998இல் நடந்தது எவ்வளவு குறுகிய வாசல் வழியே நடந்தது என்பது தெரியும்.

நேரம் எவ்வளவு குறைவாக இருந்தது என்பதை ஆண்டுகளே சொல்கின்றன. பாடகர் மானுவெல் 'புந்தியித்தா' லிசெயா 2000இல் காலமானார். காம்பாய் 2003 ஜூலையில், 95 வயதில். ரூபன் அதே ஆண்டு டிசம்பரில். இப்ராஹிம் 2005 ஆகஸ்டில், ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பிய கையோடு. பாடகர் பியோ லெய்வா 2006இல், கச்சாயித்தோ 2009இல். ட்ரம்பெட் வாசித்த 'குவாஹிரோ' மிராபால் 2024இல். இந்த முயற்சியை எட்டு வருடம் தள்ளிப்போட்டிருந்தால் கூடத்தில் உட்காரக் காம்பாயும் ரூபனும் இருந்திருக்க மாட்டார்கள். சிலருக்கு 1996கூடப் பிந்திவிட்டது. பென்னி மோரே 1963இலேயே போய்விட்டார். அர்செனியோ 1970இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஏழையாக இறந்தார். 'லோஸ் கொம்பாத்ரெஸ்' ஜோடியில் காம்பாயோடு முதற்குரல் பாடிய லோரென்சோ இயெரெசுவேலோவும் அதற்குள் காலமாகியிருந்தார். அவர்கள் வாசித்த பாணியைத் தெரிந்தவர்கள் மிச்சமிருந்தபோதே நீங்கள் கதவைத் தட்டினீர்கள்.

பெரிய மரியாதைகள் பின்னால் வந்தன. 2015 அக்டோபரில் எஞ்சியிருந்தவர்கள் வெள்ளை மாளிகையில் வாசித்தார்கள். அதற்கு முன் அரை நூற்றாண்டுக்கு மேலாக, கியூபாவில் வாழும் எந்தக் குழுவுக்கும் அங்கே இடம் கிடைத்ததில்லை. 2022இல் இந்த இசைத்தட்டை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பேரேட்டில் சேர்த்தது. பதிவு செய்தவருக்கு அபராதம் போட்ட நாடு அதை எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறது. 2025இல் பிராட்வே மேடையில் இந்தக் கதை இசை நாடகமாக ஏறியது.

எல்லாவற்றையும்விட நெஞ்சுக்கு நெருக்கமானது வேறொன்று. 1996இல் வர முடியாமல் போன மாலிக்காரர்களை நிக் கோல்ட் மறக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2008இல், பாஸெக்கு குயாத்தேயையும் ஜெலிமாதி துங்காராவையும் மாட்ரிடுக்கு வரவழைத்தார். கோரா என்ற நரம்பு வாத்திய வாசிப்பில் ஈடிணையற்ற தூமானி ஜபாத்தே வந்தார். பாடகர் காஸே மாதி ஜபாத்தே வந்தார். கியூபாவிலிருந்து எலியாதெஸ் ஒச்சோவா தம் ஆட்களோடு வந்தார். முதலில் போட்ட திட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடித்தார்கள். 2010இல் 'ஆஃப்ரோகியூபிசம்' என்ற பெயரில் அது இசைத்தட்டானது. அந்தப் பயணச்சீட்டை இரண்டாம் முறை எடுத்துக் கொடுத்தவர்களுக்கும், முதல் முறை ஏமாந்தும் மறுபடி கிளம்பி வந்த இருவருக்கும் இந்த நன்றி சேரட்டும்.

அன்புடனும் மரியாதையுடனும்,
கேட்டுக்கொண்டிருப்பவர்கள்